விதி உண்டு, சாக்கு இல்லை

ஏஜியன் கரையில் – 19

சென்ற இதழில் சார்டிஸ் நகரம் பாரசீகரிடம் விழுந்ததோடு நிறுத்தியிருந்தோம். நடந்தது கி.மு. 546 வாக்கில். செல்வத்துக்குப் பேர்போன லிடியாவின் அரசன் குரோசஸ் இப்போது பாரசீக மன்னன் சைரஸின் கைதி. அவனைச் சிதையில் ஏற்றினார்கள், கடைசி நேரத்தில் மழை கொட்டி நெருப்பு அவிந்தது, உயிர் பிழைத்தான் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். பிழைத்தவன் சைரஸிடம் கேட்டது ஒன்றே ஒன்று: என் கால் விலங்குகளை டெல்ஃபிக்கு அனுப்ப வேண்டும்.

ஆட்கள் கடல் தாண்டிப் போய், அப்பல்லோ கோயிலின் வாசற்படியில் அந்த விலங்குகளை வைத்தார்கள். அதே கோயிலுக்கு ஒரு காலத்தில் குரோசஸ் அனுப்பியது பொன்னும் வெண்பொன்னுமாக 117 கட்டிகள், அவற்றின் மேல் ஒரு பொற்சிங்கம். இன்று அனுப்பியது விலங்கு. படையெடுத்தால் ஒரு பெரிய அரசை அழிப்பாய் என்று குறி சொன்ன தெய்வத்திடம் அவன் ஆட்கள் கேட்டார்கள்: வாங்கிக்கொண்டு கைவிடுவதுதான் உங்கள் ஊர்க் கடவுள்களின் வழக்கமா?

குறி சொல்லும் பூசாரிணி பித்தியா கொடுத்த பதிலை ஹெரோடோட்டஸ் விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார். பங்காக விதிக்கப்பட்டதிலிருந்து கடவுளாலும் தப்ப முடியாது. ஐந்தாம் தலைமுறை மூதாதை கைஜஸ், தன் எஜமானைக் கொன்று அரியணை ஏறிய குற்றத்துக்குக் குரோசஸ் இப்போது கடன் தீர்த்தான். அந்த அடி அவன் பிள்ளைகள் காலத்துக்குத் தள்ளிப்போகட்டும் என்று அப்பல்லோ மன்றாடிப் பார்த்தார். விதி தேவியர் இசையவில்லை. வாங்க முடிந்தது மூன்று வருட அவகாசம் மட்டுமே. இது பதிலின் முற்பாதி.

பிற்பாதி வேறு தொனியில் இருக்கிறது. பெரிய அரசு அழியும் என்று குறி சொன்னபோது, யாருடைய அரசு, என்னுடையதா சைரஸுடையதா என்று மறுபடி ஆளனுப்பிக் கேட்டிருக்க வேண்டாமா? கேட்காதது யார் தவறு?

விதி என்கிறது முற்பாதி. உன் தவறு என்கிறது பிற்பாதி. இரண்டையும் ஒரே மூச்சில் ஒரே தெய்வம் சொல்கிறது. பதிலைக் கேட்ட குரோசஸ், பிழை தெய்வத்துடையது அல்ல, என்னுடையதே என்று ஒப்புக்கொண்டான். இந்த இரண்டு பாதிகளையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்று கிரேக்கர் பல நூறு ஆண்டுகள் யோசித்தார்கள். அந்த யோசனையின் வரலாறுதான் இந்த இதழ்.

இறைச்சித் துண்டும் ஆயுளும்

விதி என்றதும் நமக்குத் தலையெழுத்து நினைவுக்கு வரும். யாரோ எழுதி வைத்தது. கிரேக்கச் சொல்லில் எழுத்து கிடையாது. 'மொய்ரா' என்றால் பங்கு. விருந்தில் பலி மாட்டின் இறைச்சியை அறுத்து ஆளுக்கொரு துண்டு வைப்பார்களே, அந்தத் துண்டு. போர்க் கொள்ளையில் வீரனுக்கு வந்து சேர்வது. இன்றைய கிரேக்கத்தில் அந்தச் சொல் 'மீரா' என்று ஒலிக்கிறது. விதி என்றும் பொருள், வட்டத்தின் 360 பாகைகளில் ஒன்று என்றும் பொருள். பங்கு வைப்பதற்கு 'மிராஸோ' என்கிறார்கள்.

பங்கு என்றால் அதற்கு எல்லை உண்டு. என் துண்டு முடியும் இடத்தில் அடுத்தவன் துண்டு தொடங்கும். இது கடவுள்களுக்கும் பொருந்தும். ஹோமரின் இலியட் காவியத்தின் 15ஆம் காண்டத்தில், போர்க்களத்தை விட்டு விலகச் சொல்லி ஜீயஸ் ஆணை அனுப்புகிறார். கடல் தெய்வம் பொசைடன் கொதித்துப் போகிறார். நாங்கள் மூன்று சகோதரர்கள். சீட்டுப் போட்டுப் பிரித்தோம். எனக்குக் கடல், ஹேடிஸுக்குப் பாதாளம், ஜீயஸுக்கு வானம். தன் மூன்றில் ஒரு பங்கோடு அவர் நிற்கட்டும் என்கிறார். பாகப்பிரிவினையில் ஒரு தம்பி பேசுவது போலவே இருக்கிறது பேச்சு. கடைசியில் பணிந்து போகிறார் என்றாலும், அவர் கையில் எடுத்த வாதம் பங்கு.

இந்தச் சொல்லின் முழு எடையும் தெரிய வேண்டுமானால் சார்பிடானிடம் போக வேண்டும். லிசியா நாட்டு அரசன். ஜீயஸுக்கு ஒரு மானிடப் பெண்ணிடம் பிறந்த மகன். 12ஆம் காண்டத்தில், கிரேக்கரின் மதிலை முட்டுவதற்கு முன் தன் தோழன் கிளாக்கஸிடம் பேசுகிறான். ஊரில் நமக்கு முதல் இருக்கை, நல்ல இறைச்சி, நிரம்பிய கோப்பை, ஆற்றங்கரையில் விளைநிலம் எல்லாம் ஏன் கொடுத்திருக்கிறார்கள்? முன்வரிசையில் நிற்பதற்காக. இந்தப் போரில் தப்பினால் மூப்பும் சாவும் இல்லை என்றால் நானும் நிற்க மாட்டேன், உன்னையும் நிறுத்த மாட்டேன். சாவு எப்படியும் நம்மைச் சூழ்ந்து நிற்கிறது. ஆகவே போவோம் என்கிறான். நல்ல பங்கைச் சாப்பிட்டவன் கசப்பான பங்கையும் கை நீட்டி வாங்குகிறான்.

16ஆம் காண்டத்தில் அந்தப் பங்கு வந்து சேர்கிறது. கிரேக்க வீரன் பாட்ரோக்ளஸின் ஈட்டி மகனை நோக்கி வருவதை வானத்திலிருந்து ஜீயஸ் பார்க்கிறார். தூக்கிக்கொண்டு போய் லிசியாவில் உயிரோடு இறக்கிவிடலாமா என்று அவர் மனம் தடுமாறுகிறது. தடுப்பவள் மனைவி ஹீரா. உங்களால் முடியாது என்று அவள் சொல்லவில்லை. செய்யுங்கள், ஆனால் மற்ற கடவுள்கள் யாரும் அதை மெச்ச மாட்டார்கள், அவரவர் மகனை அவரவரும் தூக்கிக்கொண்டு போகப் பார்ப்பார்கள் என்கிறாள். ஒருவர் எல்லை மீறினால் எல்லாப் பங்கும் குலையும். ஜீயஸ் அடங்குகிறார். மகனுக்காக இரத்தத் துளிகளை மழையாகப் பெய்விக்கிறார். மகனின் உயிரைக் காக்க அதற்கு மேல் அவர் எதுவும் செய்யவில்லை.

கி.மு. 515 வாக்கில் ஏதென்ஸ் ஓவியன் யூஃப்ரோனியோஸ் ஒரு மதுக் கலயத்தில் சார்பிடானின் உடலை எடுத்துச் செல்லும் காட்சியைத் தீட்டினான். கலயத்தின் உயரம் சுமார் 45 செ.மீ. சிறகுள்ள இரண்டு சகோதரர்கள், உறக்கமும் மரணமும், குனிந்து உடலைத் தூக்குகிறார்கள். நெடிய உடல் படத்தின் குறுக்கே சாய்ந்து கிடக்கிறது. காயங்களிலிருந்து இரத்தம் கோடுகளாக வழிகிறது. ஒரு கை கீழே தொங்குகிறது. 1972இல் நியூயார்க் அருங்காட்சியகம் பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. கல்லறையில் திருடித் தோண்டிய பொருள் என்று வழக்காகி, 2008இல் இத்தாலிக்குத் திரும்பியது. தகப்பன் கடவுளாக இருந்தும் காப்பாற்ற முடியாமல் போன ஒரு பிள்ளையின் உடல் அது என்று தெரிந்து பார்த்தால், தொங்கும் அந்தக் கையிலிருந்து கண் எடுபடாது.

ஆனால் இதே ஹோமர் மரபின் இன்னொரு காவியமான ஒடிசி, ஜீயஸின் ஒரு புகாரோடு தொடங்குகிறது. மனிதர்கள் எதற்கெடுத்தாலும் நம்மைப் பழிக்கிறார்கள், தங்கள் மடமையால் பங்குக்கு மேலும் துன்பத்தை வாங்கிக்கொள்கிறார்கள் என்கிறார். உதாரணம் காட்டுவது அகிஸ்தஸை. அகமெம்னானின் மனைவியைத் தொடாதே, அவனைக் கொல்லாதே என்று ஹெர்மிஸையே அனுப்பி எச்சரித்தும் கேட்கவில்லை, அழிந்தான். டெல்ஃபி பதிலின் இரண்டு பாதிகளும் ஹோமரிலேயே இருக்கின்றன.

நூற்கும் மூவர்

பங்கு எப்படி நூலாயிற்று? பதில் கிரேக்க வீட்டின் உள்ளறையில் இருக்கிறது. தொல்லியலாளர்கள் தோண்டிய கிரேக்க ஊர்களில் சுட்ட மண் தக்களி வட்டுகளும் தறியில் கட்டும் எடைக் கற்களும் வீட்டுக்கு வீடு கிடைக்கின்றன. ஒரு கையில் கம்பளி ரோமம் சுற்றிய கோல். மறுகை விரல்கள் ரோமத்தை மெல்ல இழுத்து முறுக்கும். தக்களி தொங்கிச் சுழன்றபடியே கீழே இறங்கும். தரையைத் தொட்டதும் நூற்றதைச் சுற்றிக்கொண்டு மறுபடி தொடங்க வேண்டும். குழந்தை பிறந்து கண் விழிக்கும்போதே அந்த வீட்டில் ஒருத்தி நூற்றுக்கொண்டுதான் இருப்பாள். அந்தக் குழந்தையின் ஆயுளையும் யாரோ ஒருத்தி எங்கோ நூற்கிறாள் என்று அந்த வீட்டுப் பெண்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. டிராய் இளவரசன் ஹெக்டரின் உடலை நினைத்து அழும் தாய் ஹெகுபா, நான் பெற்ற அன்றே விதி அவனுக்கு நூற்றது இது என்கிறாள்.

கி.மு. 700 வாக்கில் ஹெசியட் அந்தப் பெண்களுக்குப் பெயர் சொல்கிறார். நூற்பவள் க்ளோதோ. சீட்டில் பங்கு கொடுப்பவள் லாகெசிஸ். திருப்ப முடியாதவள் அட்ரோபோஸ். ஆனால் ஒரே நூலில் அவர்களுக்கு இரண்டு பிறப்புச் சொல்கிறார். ஓரிடத்தில் அவர்கள் இரவின் மக்கள், தந்தை இல்லை. இன்னோரிடத்தில் ஜீயஸுக்கும், நியாயத்தின் தெய்வம் தெமிஸுக்கும் பிறந்தவர்கள். இருட்டிலிருந்து வருகிறதா விதி, நியாயத்திலிருந்து வருகிறதா? ஹெசியட் இரண்டையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

யாரும் நுழையாத கோயில்

பங்குக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லும் இருந்தது: 'அனாங்கே'. கட்டாயம், வேறு வழியின்மை. இந்தச் சொல்லில் நூலின் மென்மை கிடையாது. அடிமையின் நுகம் அனாங்கே. விசாரணையில் கொடுக்கும் சித்திரவதையையும் இதே சொல்லால் குறித்தார்கள். இரத்த உறவினரையும் இதே வேரிலிருந்து அழைத்தார்கள். விட்டு விலக முடியாதவர்கள் அல்லவா உறவினர்கள்!

கி.மு. 438இல் அரங்கேறிய 'அல்செஸ்டிஸ்' நாடகத்தில் யூரிப்பிடிஸ் அனாங்கேயைப் பீடமோ சிலையோ இல்லாத, பலிக்கு மனம் இரங்காத தெய்வமாகக் காட்டுகிறார். கணவனுக்குப் பதிலாகச் சாக ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணின் இழவு வீட்டில் அந்தப் பேச்சு எழுகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய் எழுதிய பௌசானியஸ், கொரிந்து நகரின் மலைக்கோட்டைக்கு ஏறும் வழியில் அனாங்கேக்கும் வன்முறைத் தேவி பியாவுக்கும் சேர்த்து ஒரு கோயில் இருந்ததைக் குறித்திருக்கிறார். ஆனால் அதனுள் யாரும் நுழைவது வழக்கமில்லை. நுழைந்து என்ன கேட்பது? கேட்டால் கொடுக்கிற தெய்வம் இல்லையே.

அந்தப் பெயரைச் சொல்லி ஊரை மிரட்டியவர்கள் இருந்தார்கள். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை முறியடித்த கையோடு, ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோக்ளிஸ் ஆண்ட்ரோஸ் தீவுக்குப் போய்ப் பணம் கேட்டார். எங்களோடு இரண்டு பெரிய தெய்வங்கள் வந்திருக்கிறார்கள், ஒருத்தி இணங்க வைப்பவள், இன்னொருத்தி அனாங்கே, கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். தீவு மக்கள் சளைக்கவில்லை. எங்கள் தீவை விட்டுப் போகவே மாட்டோம் என்கிற இரண்டு தெய்வங்கள் எங்களிடமும் இருக்கிறார்கள், ஒருத்தி வறுமை, இன்னொருத்தி கையாலாகாமை. உங்கள் பலம் எங்கள் இல்லாமையை ஒருநாளும் வெல்லாது என்றார்கள். முற்றுகையிட்டும் தீவு பணியவில்லை. ஏதென்ஸ் படை வேறு ஊர் பார்த்துப் போயிற்று.

64 ஆண்டுகள் கழித்து, கி.மு. 416இல், மெலோஸ் தீவில் ஏதென்ஸின் தூதர்கள் இதையே தத்துவமாகப் பேசினார்கள். வலியவன் தன்னால் முடிந்த இடத்தையெல்லாம் ஆள்வது இயற்கையின் கட்டாயம், இந்தச் சட்டத்தை நாங்கள் உண்டாக்கவில்லை, கடைப்பிடிக்கிறோம், அவ்வளவுதான் என்று அவர்கள் வாதாடியதாக வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார். முடிவில் மெலோஸின் ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். விதியைச் சாக்காகச் சொல்பவன் எப்போதும் தோற்றவன்தான் என்று நினைப்பது தவறு. ஜெயித்தவன் சொல்லும்போதுதான் அந்தச் சாக்கு அதிகம் பேரைக் கொல்கிறது.

சீட்டு எடுத்த ஆன்மாக்கள்

இதற்கு முன்பிருந்தே இயற்கையை ஆராய்ந்தவர்கள் கட்டாயத்தைக் கோயிலிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். மிலேட்டஸ் நகரத்து அனாக்சிமாண்டர், எல்லாப் பொருள்களும் தோன்றிய இடத்துக்கே கட்டாயத்தின்படி திரும்புகின்றன, ஒன்றுக்கொன்று இழைத்த அநீதிக்குக் காலத்தின் ஒழுங்கில் ஈடு கட்டுகின்றன என்றார். பங்கை மீறியவன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற பழைய கணக்கு, இப்போது வெப்பத்துக்கும் குளிருக்கும் பொருந்தும் கணக்காயிற்று. அணுக்கொள்கையைத் தொடங்கிய லூசிப்பஸ் எழுதியதில் ஒரே ஒரு வாக்கியம்தான் இன்று மிஞ்சியிருக்கிறது. எதுவும் தற்செயலாக நடப்பதில்லை, எல்லாம் காரணத்தோடும் கட்டாயத்தாலுமே நடக்கிறது என்பது அதன் சாரம். அப்படியானால் மனிதன் செய்வதும் அணுக்கள் மோதும் மோதல்தானா?

பிளேட்டோ இந்தக் கேள்வியைக் கதையாக்கிப் பதில் சொன்னார். கி.மு. 375 வாக்கில் எழுதிய 'குடியரசு' நூலின் கடைசிப் பகுதி அது. பம்பிலியா நாட்டு வீரன் எர் போரில் இறக்கிறான். பத்தாம் நாள் பிணங்களை எடுக்கும்போது அவன் உடல் மட்டும் அழுகவில்லை. பன்னிரண்டாம் நாள் சிதையில் கண் விழித்து, மறு உலகில் பார்த்ததைச் சொல்கிறான்.

வானத்தையும் பூமியையும் துளைத்துக்கொண்டு ஒரு ஒளித் தூண். அதன் நுனிகளிலிருந்து தொங்குகிறது அனாங்கேயின் தக்களி. அதன் வட்டு, கிண்ணத்துக்குள் கிண்ணமாக எட்டு அடுக்கு. அவைதான் விண்மீன்களும் கோள்களும் சூரிய சந்திரரும் சுற்றும் வட்டங்கள். தக்களி அனாங்கேயின் மடியில் சுழல்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு சைரன் நின்று ஒரே ஒரு சுரம் பாடுகிறாள். எட்டும் சேர்ந்து ஒரு இசை. சுற்றிலும் அனாங்கேயின் மகள்கள் மூவர்: லாகெசிஸ் நடந்ததைப் பாடுகிறாள், க்ளோதோ நடப்பதை, அட்ரோபோஸ் நடக்கப்போவதை. வீட்டுப் பெண்ணின் கையிலிருந்த தக்களியைப் பிளேட்டோ பிரபஞ்சத்தின் அச்சாக்கிவிட்டார்.

மறுபிறவிக்குக் காத்திருக்கும் ஆன்மாக்கள் லாகெசிஸ் முன் வரிசையில் நிற்கின்றன. ஒரு அறிவிப்பாளன் அவள் மடியிலிருந்து சீட்டுகளையும் வாழ்க்கை மாதிரிகளையும் எடுத்து வருகிறான். சீட்டு முடிவு செய்வது முறையை மட்டும்தான். எந்த வாழ்க்கை என்பது எடுப்பவன் பொறுப்பு, தெய்வத்தின் மேல் பழி இல்லை, கடைசியாக வருபவனுக்கும் நல்ல வாழ்க்கை இருக்கிறது என்று அறிவிக்கிறான்.

முதல் சீட்டு கிடைத்தவன் ஓடிப்போய் மிகப் பெரிய கொடுங்கோலாட்சியை எடுத்துக்கொள்கிறான். எடுத்த பிறகுதான் நிதானமாகப் பார்க்கிறான். சொந்தப் பிள்ளைகளையே தின்னும் விதி அதனுள் இருக்கிறது. மார்பில் அடித்துக்கொண்டு விதியையும் தெய்வத்தையும் திட்டுகிறான், தன்னைத் தவிர. அவன் போன பிறவியில் கெட்டவனாக இருந்தவன் இல்லை என்பதுதான் நெஞ்சைத் தைக்கும் விஷயம். ஒழுங்கான ஊரில் பிறந்து, பழக்கத்தால் நல்லவனாக இருந்தவன். யோசித்து நல்லவனாக இருக்கவில்லை.

கடைசிச் சீட்டு ஒடிசியஸுக்கு. பட்ட பாடெல்லாம் நினைவிருக்கிறது, புகழாசை போய்விட்டது. வெகுநேரம் தேடுகிறான். தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அமைதியாக வாழும் ஒரு சாதாரண மனிதனின் வாழ்க்கை மூலையில் கிடக்கிறது, யாரும் தொடவில்லை. முதல் சீட்டு கிடைத்திருந்தாலும் இதையே எடுத்திருப்பேன் என்று மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கிறான். பிறகு க்ளோதோ தக்களியைச் சுழற்றி அந்தத் தேர்வை உறுதி செய்கிறாள். அட்ரோபோஸ் அதைத் திருப்ப முடியாததாக்குகிறாள். ஆன்மாக்கள் திரும்பிப் பார்க்காமல் அனாங்கேயின் அரியணைக்கு அடியில் நடந்து, மறதியின் வெளிக்குப் போய், அங்குள்ள ஆற்றின் நீரைக் குடிக்கின்றன.

குடித்ததும் மறந்துவிடுகின்றன. தான் எடுத்த வாழ்க்கையைத் தனக்கு யாரோ தந்ததாக நினைத்து வாழ்கிறான் மனிதன். இத்தனை தெளிவாக இந்தக் கேள்வியை அதற்கு முன் எவரும் கண்முன் நிறுத்தவில்லை என்பது என் எண்ணம்.

உருளையும் மலைச்சரிவும்

கதையாகச் சொன்னதைத் தர்க்கமாகச் சொல்ல வந்தவர்கள் ஸ்டோயிக்குகள். கி.மு. 300 வாக்கில் சைப்ரஸிலிருந்து வந்த ஜீனோ, ஏதென்ஸ் சந்தைச் சதுக்கத்தின் ஓவிய மண்டபத்தில் பாடம் சொல்லத் தொடங்கினார். காரணத்தைக் காரணம் கோத்த அறுபடாத சங்கிலிதான் விதி என்பது அந்தப் பள்ளியின் கொள்கை. திருடிய அடிமை ஒருவனை ஜீனோ அடித்தபோது, திருடுவது என் விதி என்றானாம் அவன். அடி வாங்குவதும் உன் விதி என்றாராம் ஜீனோ. காலகாலமாக இதைச் சாதுரியமான பதில் என்று சொல்லி வருகிறார்கள். எனக்கு இது வலிக்கிறது. பிரம்பு யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் விதியைப் பேசினால், அது ஏதென்ஸ் மெலோஸில் பேசிய பேச்சாகிவிடும்.

பள்ளியின் மூன்றாம் தலைவர் கிரைசிப்பஸ் இன்னும் ஆழமாகப் போனார். விதிப்படிதான் நடக்கும் என்றால் நோய் வந்தவன் ஏன் வைத்தியரைக் கூப்பிட வேண்டும்? இதற்குக் கிரேக்கர் வைத்த பெயர் 'சோம்பேறி வாதம்'. கிரைசிப்பஸின் பதில்: பிழைப்பது விதியானால், வைத்தியரைக் கூப்பிடுவதும் அந்த விதியிலேயே சேர்ந்தது. மைலோ ஒலிம்பியாவில் மல்யுத்தம் செய்வான் என்பது விதியானால், எதிராளி இல்லாமல் செய்வான் என்று யாராவது சொல்வார்களா?

அவரது இன்னொரு உதாரணம் ஒரு உருளை. சரிவில் அதை ஒருவர் தள்ளுகிறார். தள்ளியது வெளியிலிருந்து வந்த காரணம். ஆனால் உருண்டு ஓடுவது அதன் சொந்த வடிவத்தால். கூம்பைத் தள்ளினால் அதே சரிவில் அது வேறு விதமாகச் சுற்றும். உலகம் நம்மைத் தள்ளும், அதைத் தடுக்க முடியாது. தள்ளியபின் எப்படி உருள்கிறோம் என்பது நாம் யார் என்பதைப் பொறுத்தது. அந்த 'நாம் யார்' என்பதற்கு நாம்தான் பொறுப்பு.

டெல்ஃபி வாசற்படிக்குத் திரும்புவோம். கைஜஸ் செய்த கொலை குரோசஸைத் தள்ளியது. அவன் கேட்டு வந்ததல்ல அது. ஆனால் யாருடைய அரசு என்று மறுபடி கேட்காமல் படையெடுத்தது அவனுடைய வடிவம். அதைப் புரிந்துகொண்டு பிழை என்னுடையதே என்று சொன்ன நேரத்திலும் அவன் கைதிதான், இழந்த அரசு இழந்ததுதான். குறி கேட்கப் பொன்னை அள்ளிக் கொடுத்த காலத்தில் அவனிடம் இல்லாத ஒரு நிதானம், எல்லாம் போனபின் அந்த ஒரு சொல்லில் வந்திருக்கிறது. அந்த நிதானத்தை எந்தத் தேவியும் அவனுக்கு நூற்றுக் கொடுக்கவில்லை.

எல்லாரும் இந்தப் பதிலோடு அமைதியடையவில்லை. இயற்கை ஆராய்ச்சியாளரின் விதிக்கு அடிமையாவதைவிடக் கடவுள் கதைகளை நம்புவதே மேல், கடவுளிடமாவது கெஞ்சிப் பார்க்கலாம் என்றார் ஒருவர். ஏதென்ஸுக்கு வெளியே ஒரு தோட்டம் வாங்கி, அடிமைகளையும் பெண்களையும் மாணவராகச் சேர்த்துக்கொண்டவர் அவர். எபிகூரஸின் அந்தத் தோட்டத்துக்குள் அடுத்த இதழில் நுழைவோம்.

(தொடரும்)